பலகையிலா இருக்குது சாதி?

1

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடங்களில் சாதியை ஒழிக்க என்ன செய்யலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு எழுதிய அறிக்கை சென்னையில் முதலமைச்சர் கைக்குப் போனது அன்றைக்குத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு அரசு போட்ட குழு அது. அதே செவ்வாய்க்கிழமை பொழுதுசாய, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் எங்க சனங்கள் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். விடிந்தபோது கண்ணு தெரியல, வயிறு எரியுது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்தடுத்த நாட்களில் 65 பேருக்கு மேல் பிணமானார்கள். புருசனும் பெண்சாதியுமாகச் செத்த வீடுகளும் உண்டு.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். நல்லது. படிக்கட்டும். எங்கே படிக்கும் அந்தப் பிள்ளைகள்? யாரோடு உட்கார்ந்து படிக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சாராயச் சாவுக்குப் பிறகு எல்லார் கண்ணும் மலைக்குப் போனது. மலையில காய்ச்சறாங்க, மலைக்காரன் கொண்டாந்து விக்கிறான் என்று பேசினார்கள். கருணாபுரத்தில் சனங்களைக் கொன்றது மெத்தனால். மெத்தனால் மலையில் விளைவதில்லை, கடுக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. அது ஆலைச் சரக்கு. ஆனாலும் பழி மலைக்குத்தான். பழிக்குப் பின்னால் ஒரு நன்மையும் வந்தது. கல்வராயன் மலை மக்களின் நிலைமை என்ன என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் பேச்சுக்கு வந்தன. அப்போது நீதிபதிகள் ஒன்றைக் கேட்டார்கள். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்று பலகையில் எதற்கு எழுத வேண்டும், அரசுப் பள்ளி என்றால் போதாதா? அப்படிப்பட்ட அடையாளங்களை நீக்குங்கள் என்றார்கள்.

சந்துரு குழுவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. ஆதி திராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயர்கள் வேண்டாம், எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவாருங்கள் என்றது. அதற்கு முன்பே 2023 மார்ச்சு பட்ஜெட்டில் நிதியமைச்சர் அப்படி அறிவித்திருந்தார். 2025 ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள்.

ஆக எல்லாரும் பலகையைப் பார்க்கிறார்கள். பெயின்ட் டப்பாவோடு நிற்கிறார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. பலகை வலிக்கும், அது எனக்குத் தெரியும். என் டி.சி.யில் அரிசன நலப் பள்ளி என்று எழுதியிருந்தது. இன்டர்வியூவில் அந்தத் தாளைப் புரட்டிய மனுசனின் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே அவர் எல்லாம் தெரிந்துகொண்டார். அந்தத் தாளை என் பேரப்பிள்ளை தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஆனால், தோழர்களே, பெயரை மாற்றினால் சாதி போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் பெயர்களின் வரலாறு தெரியாது. தெரிந்தும் மறைக்கிறவர்களும் உண்டு.

2

எங்களுக்கு எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் தெரியுமா?

1893-ல் வெள்ளைக்கார அரசு எங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை ஆணை போட்டபோது நாங்கள் பஞ்சமர். 1894-ல் அடையாறில் கர்னல் ஆல்காட் திறந்ததும் பஞ்சமர் இலவசப் பள்ளிதான். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. நாலு வருணத்துக்கு வெளியே அஞ்சாவதாக எங்களை எண்ணுவதற்கு நீ யார் என்பதுதான் அவர் கேள்வி. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து எடு, ஆதி திராவிடர் என்று எழுது என்று எம்.சி. ராஜா சட்டசபையில் வாதாடினார். 1922-ல் அரசு ஆணை வந்தது.

இதை ஒரு நிமிசம் நின்று யோசியுங்கள். இன்றைக்கு எது இழிவான பெயர், பலகையிலிருந்து எடுக்க வேண்டிய பெயர் என்கிறார்களோ, அது எங்கள் முன்னோர் கேட்டு வாங்கிய பெயர். இந்த மண்ணின் ஆதிக்குடி நாங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பெயர். அது மனு எழுதி, கூட்டம் போட்டு, சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்த பெயர். 1922-ல் மானமாக இருந்தது 2024-ல் அவமானமாக மாறியது எப்படி? அந்தச் சொல் தானாக அழுகிப்போனதா? ஊரான் வாயில் விழுந்து விழுந்துதான் அழுகியது. எந்தப் பெயர் வைத்தாலும் அவன் பழைய நாக்கால்தான் உச்சரிப்பான்.

1919, 1920 வாக்கில் தொழிலாளர் துறை என்று ஒன்றை உண்டாக்கி அதன்கீழ் சேரிகளில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். லேபர் ஸ்கூல் என்பார் எங்கள் தாத்தா. சாதிப்பெயரே இல்லாத பெயர். உழைக்கிறவன் பள்ளிக்கூடம். எவ்வளவு அழகான பெயர்! ஆனால் லேபர் என்றாலே சேரிக்காரன் என்று ஊரான் புரிந்துகொண்டான். 1949-ல் அரிசன நலத்துறை வந்தது. கடவுளின் பிள்ளைகளாம். அம்பேத்கர் ஏற்காத பெயர், எங்களிடம் கேட்காமல் ஒட்டிய பெயர். அரிசனப் பள்ளி என்று ஊரான் சொல்லும்போது அதில் அரியும் இல்லை, சனமும் இல்லை. பிறகு மறுபடியும் ஆதி திராவிடர். அதே கட்டடம், அதே ஒழுகும் ஓடு, அதே ஒற்றை வாத்தியார்.

நாங்களே வைத்த பெயரும் ஒன்று உண்டு. எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆரணிக்குப் பக்கத்திலிருந்து வந்த மனிதர். எந்த நடராசர் கோயிலுக்குள் நந்தனை நடையேற விடவில்லையோ, அந்தக் கோயில் இருக்கும் ஊரில், நந்தனார் பெயரிலேயே பள்ளி வைத்தார். விடுதி வைத்தார். பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நந்தனாரை நெருப்பில் இறங்கச் சொன்ன கதையை வைத்துக்கொண்டு கும்பிட்டவர்கள் முன்னால், நந்தனார் பிள்ளைகள் சிலேட்டோடு நடந்தார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பலகையிலிருந்து எடுத்தால் அந்த வழக்கும் தள்ளுபடி.

அதனால் சொல்கிறேன், பெயர்களில் எல்லாம் ஒரே கணக்கு இல்லை. யார் வைத்த பெயர், யார் கேட்டு வைத்த பெயர், எதற்காக வைத்த பெயர் என்று பார்க்காமல் மொத்தமாகச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள்.

3

இப்போது சாதிப்பெயரே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

சேரியில் அஞ்சாவது முடித்து, 1982-ல் மலையடிவாரத்து ஊரில் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது சேர்ந்தேன். ஜில்லா போர்டு ஸ்கூல் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். பலகையில் அரசு உயர்நிலைப் பள்ளி, ஊர்ப்பெயர், அவ்வளவுதான். நீதிபதிகள் கேட்கிற பலகை அப்போதே அங்கே இருந்தது.

உள்ளே என்ன இருந்தது? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் எங்கள் பெயர் மட்டும் சிவப்பு மை. ஸ்காலர்ஷிப் வந்தால் 'எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரி' என்பார் வாத்தியார். எந்திரிப்போம். தலை குனிந்து நிற்போம். ஊர்ப் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பணத்தை எங்கள் அப்பன் வீட்டுச் சொத்தைக் கொடுப்பது மாதிரி கொடுத்தார்களே தவிர, அது எங்கள் உரிமை என்று ஒரு வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. காலையில் வகுப்பு பெருக்குவது நாங்கள். கக்கூஸுக்குத் தண்ணி ஊற்றுவது நாங்கள். பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சு நாங்கள்.

தண்ணிப் பானை ஒன்று மூலையில் இருக்கும். நாங்கள் மொள்ளக்கூடாது. ஊர்ப் பையன் ஒருத்தன் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவான். கையேந்திக் குடிக்க வேண்டும். சட்டையெல்லாம் நனையும். மத்தியானம் வகுப்புக்கு ஈரச்சட்டையோடு போனால், 'எருமையா நீ, சேத்துல பொரண்டு வந்தியா' என்பார் கணக்கு வாத்தியார். அவர்தான் ஊற்றச் சொன்னவர்.

மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன்கள் அஞ்சாறு பேர் இருந்தார்கள். மலையாளிப் பழங்குடிகள். கவுண்டர் என்று சொல்லிக்கொள்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மலையான், காட்டான். ஆனால் பானையில் மொள்ளலாம். அதிலும் ஒரு படி அவர்களுக்கு மேலே, எங்களுக்குக் கீழே. சாதி என்றால் அதுதானே, மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒரு ஆளைக் காட்டும். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மலைப் பையன் முதல் வருசம் எங்கள் வீட்டில் தண்ணிகூட குடிக்கமாட்டான். 'எங்க ஆயா ஏசும்' என்பான். இதை மறைத்து, ஒடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி என்று எழுத எனக்குத் தெரியும். எழுதினால் பொய்.

எட்டாவது படிக்கும்போது, 1984-ல், சத்துணவு எங்கள் வகுப்புகளுக்கும் வந்தது. எல்லாரும் ஒரே வரிசையில் தட்டோடு நின்றோம். ஊர்ப் பையன்களில் பாதிப்பேர் வாங்கவில்லை. மலைப் பையன் வாங்கினான், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றான். விக்கல் எடுத்தது. எழுந்து போய்ப் பானையில் ஒரு சொம்பு மொண்டான். குடித்தான். மீதித் தண்ணியோடு சொம்பை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டான். உயரத்திலிருந்து ஊற்றவில்லை. யோசித்துச் செய்தானா, பசியில் செய்தானா தெரியாது. நான் சொம்பை வாயில் வைத்துக் குடித்தேன். இரண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழே பிரம்பால் பன்னிரண்டு அடி. பானையை உடைத்துவிட்டுப் புதுப் பானை வைத்தார்கள். அதற்குக் காசு எங்களிடம் கேட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணி குடித்தான். அம்மா நீச்சத்தண்ணி கொடுத்தது, அதையும் குடித்தான்.

1987-ல் இரண்டு பேரும் பத்தாவது பாஸ். எங்க அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர். வெட்டுக்கூலியில் என்னைப் பிளஸ் டூவுக்கு அனுப்பினார். அவன் பாலிடெக்னிக்குக்குப் போக ஆசைப்பட்டான். சாதிச் சான்று வேண்டும். மலையாளிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று தாசில்தார் ஆபீசில் கேட்டார்கள். காட்டைக் கேளுங்கள், மலையைக் கேளுங்கள், வேறு யாரைக் கூட்டிவருவான் அவன்? நடையாக நடந்தான். அட்மிசன் தேதி முடிந்தது. அந்த வருசமே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனான். பழங்குடிச் சான்று கொடுக்கிற அதிகாரம் 1989-ல் ஆர்.டி.ஓ. கைக்குப் போனது. ஆபீசுதான் மாறியது, நடை மாறவில்லை.

இவ்வளவும் நடந்த அந்தப் பள்ளியின் பலகையில் ஒரு சாதிப்பெயரும் கிடையாது.

4

இப்போது அந்தப் பள்ளியில் சிவப்பு மை இல்லை. பானை இல்லை, குழாய் வந்துவிட்டது. நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள், சாயங்காலம் உட்கார்ந்து சொல்லித்தருகிற டீச்சர்கள் இருக்கிறார்கள். 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததே, அதற்குப் பிறகு கூலிக்காரர் வீட்டிலிருந்தும் டாக்டர் வருகிறார்கள். ஆனால் ஒன்று இல்லை. ஊர்த்தெருப் பிள்ளைகள் இல்லை.

எங்கே போனார்கள்? மஞ்சள் வேனில் ஏறிப் போனார்கள். 1978-ல் மெட்ரிக்குலேசன் பள்ளிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. அதற்குப் பிறகு கரும்புக் கொல்லைகளுக்கு நடுவிலேயும் இங்கிலீஷ் மீடியம் முளைத்தது. முதலில் மிராசுதார் வீட்டுப் பிள்ளை போனது. அடுத்து கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, அடுத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தன் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றிவிடுகிற வாத்தியாருக்குத் தெரியாதா, தன் பள்ளி நல்ல பள்ளியா இல்லையா என்று! 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. தனியார் பள்ளியில் 25 சதவீதம் இடத்துக்கு அரசே பணம் கட்டும் என்றது. அரசு தன் பள்ளியைக் காலி செய்யத் தன் கையாலேயே காசு கொடுத்தது. 2010-ல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. புத்தகம் ஒன்றானது. பெஞ்சு ஒன்றாகவில்லை.

ஒரு காலத்தில் சேரிக்காரனை உள்ளே விடாதே என்றார்கள். சட்டம் வந்து கதவைத் திறந்தது. கதவு திறந்ததும் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். முன்பு நம்மை வெளியே நிறுத்தித் தீட்டைக் காப்பாற்றினார்கள். இப்போது நம்மை உள்ளே விட்டுவிட்டு, தாங்கள் வெளியேறித் தீட்டைக் காப்பாற்றுகிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முன்பு செய்ததற்கு வன்கொடுமைச் சட்டத்தில் கேஸ் போடலாம். இப்போது செய்வதற்குப் பெயர் பெற்றோர் விருப்பம்.

சாதி எழுதாத அந்தப் பள்ளியை இன்றைக்கு ஊரில் என்ன சொல்கிறார்கள்? காலனி ஸ்கூல். எவனும் பலகையில் எழுதவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வைத்த பெயர். நீங்கள் ஆதி திராவிடர் என்பதை அழித்து அரசுப் பள்ளி என்று எழுதினால், அரசுப் பள்ளி என்பதே நாளைக்கு வசவாகும். ஏற்கெனவே பாதி ஆகிவிட்டது.

எங்கள் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். எடுத்தவாய்நத்தம் ஊராட்சிக்கு ஒரு தலித் பெண் தலைவராக ஜெயித்து வந்தார். சுதந்திர தினத்தில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற விடமாட்டார்கள் என்று அவர் முறையிட வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டு 15 அன்று கலெக்டரும் போலீஸ் எஸ்.பி.யும் கூட நிற்க, அரசுப் பள்ளியில் கொடியேற்றினார். சுதந்திரம் வந்து 75 வருசம். தேர்தலில் ஜெயித்த ஒரு தலைவர் ஒரு கயிற்றை இழுக்கக் கலெக்டர் வர வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிப் பலகையில் எந்தச் சாதிப்பெயரை அழித்திருந்தால் அந்தக் கயிறு அவர் கைக்கு எளிதாக வந்திருக்கும்? சொல்லுங்கள்.

5

இனி நம்மைப் பார்த்துச் சொல்கிறேன். வலிக்கும். எனக்கும் வலிக்கிறது.

நானும் ஓடினேன். குமாஸ்தா வேலை கிடைத்ததும் முதலில் செய்தது, என் மகளை மெட்ரிக்குலேசன் பள்ளியில் போட்டதுதான். பி.எஃப்.-பில் கடன் வாங்கிப் பீஸ் கட்டினேன். ஷூவும் டையும் மாட்டிக் காலனி முனையில் வேனுக்கு நிற்க வைத்தபோது ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மூன்றாவது வகுப்பில் ஒருநாள் வந்து கேட்டாள். 'ப்பா, நம்ம எந்தத் தெருன்னு மிஸ் கேக்கறாங்க, இன்னா சொல்லட்டும்?' அந்தப் பள்ளியின் பலகையில் ஒரு கடவுள் பெயர் மட்டும்தான் இருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்துக்கு எனக்கு முன்னாலேயே சாதி போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

சேரியில் படித்து வேலைக்குப் போன நம்மில் எத்தனை பேர் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்தோம்? மேடையில் கல்வி தனியார்மயத்தைக் கிழிக்கிறோம், கீழே இறங்கி டொனேசன் கட்டுகிறோம். ஹெட்மாஸ்டரைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கணக்குக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம்தான். நாமும் வெளியேறினோம். மிச்சம் இருப்பது யார்? கரும்பு வெட்டப் போகிறவன் பிள்ளை. பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டு, ஆயாவிடம் விட்டுப்போன பிள்ளை. கருணாபுரத்துப் பிள்ளை. கேள்வி கேட்க ஆளில்லாத பள்ளியில் எது நடந்தாலும் நடக்கும், எது நடக்காவிட்டாலும் நடக்காது.

வருகிற ஜூனில் என் பேரனை ஒன்றாவது சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்றேன். வீட்டில் சண்டை. 'நீ போராட்டம் பண்றதுக்கு எம்புள்ளதான் கெடச்சானா?' என்கிறாள் மகள். அவள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு பிள்ளையை மட்டும் சேர்த்தால் அது தியாகம், பிள்ளைமேல் நாம் செய்கிற தியாகம். நூறு பிள்ளைகளைச் சேர்த்தால் அது அரசியல். இப்போது தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஏழு வீடு சரி என்றிருக்கிறது.

6

மலைக்கு மறுபடியும் போகிறேன், அங்கே இந்தப் பெயர் விவகாரம் வேறு மாதிரி கடிக்கும்.

கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. நாடு 1947-ல் விடுதலை அடைந்தது. அந்த மலை 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாட்டில் வந்ததும் அதே 1976. கீழே ஜில்லா போர்டு ஸ்கூலில் இரண்டு மூன்று தலைமுறை படித்து முடித்த பிறகு மலையில் கணக்கு தொடங்கியது. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் படித்தவர்கள் 80 சதவீதம், நாங்கள் 73, பழங்குடிகள் 54. இந்தக் கணக்கில் பழங்குடி என்ற சொல் இருப்பதால்தான் இந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. சொல்லை எடுத்துவிட்டால் பள்ளமும் தெரியாது.

வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு என்று சிதறிக் கிடக்கிற ஊர்கள். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் காடும் ஓடையும். பிள்ளை தினம் போய்வர முடியாது. அங்கே படிப்பு நடப்பதற்கே காரணம் அந்தப் பலகையில் இருக்கிற வேறு இரண்டு சொற்கள்: உண்டு, உறைவிடம். சோறும் படுக்க இடமும். பழங்குடியினர் என்பதை எடுங்கள், சரி. அதோடு சேர்ந்து இந்த இரண்டும் போய், எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி என்று துறை மாறி, பிள்ளை குறைவு என்று பூட்டு தொங்கினால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளையும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கேரளாவுக்குப் போகும். அல்லது ஆந்திரக் காட்டுக்கு. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் சவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போனவர்கள். மலையில் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்திருந்தால் யார் போவான் கோடாலியைத் தூக்கிக்கொண்டு செம்மரம் வெட்ட?

ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கும் இதே பயம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அவை. சேரிக்குள்ளேயே இருக்கிற பள்ளி என்பதால்தான் பொம்பளைப் பிள்ளை பயமில்லாமல் போய்வந்தது. பெயர் போகும்போது அந்த இடமும், அதற்கான நிதியும், அங்கே உள்ள விடுதியும் யார் கணக்கில் போகும் என்று எங்கள் சனம் கேட்கிறது. இணைப்பது என்றால் எங்கள் பள்ளியை மூடி ஊர்ப் பள்ளியில் தள்ளுவதா? ஊர்ப் பள்ளியைக் காலனிக்குள் கொண்டுவந்து கட்டலாமே! அப்படி ஒரு இணைப்பு ஏன் யார் வாயிலும் வரவில்லை?

7

பலகையை மாற்றுங்கள். பெயின்ட் செலவு அதிகம் ஆகாது. அதோடு சேர்த்து இவற்றையும் மாற்றுங்கள்.

அரசுச் சம்பளம் வாங்குகிறவர், வாத்தியாரிலிருந்து கலெக்டர் வரை, தன் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கட்டும். அந்த ஊர் ஆதிக்கசாதிக்காரரையே அந்தப் பகுதியின் கல்வி அதிகாரியாகவோ ஹெட்மாஸ்டராகவோ போடாதே என்று சந்துரு அறிக்கை சொல்லியிருக்கிறதே, பெயர் மாற்றத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தையும் படிக்கட்டும். மலையில் வாத்தியார் தங்க வீடு கட்டிக் கொடுங்கள், கட்டியபின் தங்க வையுங்கள். பத்தாவது முடிக்கும் முன்பே பழங்குடிச் சான்று பள்ளிக்கூடத்துக்கே வந்து சேரட்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் அப்பன் அம்மா ஊர் ஊராய்ப் போகும்போது பிள்ளை தங்க விடுதி திறந்திருக்கட்டும். கொடிக்கயிற்றைப் பிடிக்கக் கலெக்டர் வரத் தேவையில்லாத ஒரு ஆகஸ்டு 15 வரட்டும்.

இவை நடந்தால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. நந்தனார் என்றே இருக்கட்டும், ஊர்ப் பிள்ளையும் அந்தப் பெயரைத் தன் டி.சி.யில் சுமக்கட்டும். எங்கள் பெயரை ஊர்ப் பிள்ளை கூச்சமில்லாமல் சொல்கிற அன்றைக்குத்தான் தீட்டு போனது என்று நான் நம்புவேன்.

இதைப் படிக்கிற தோழர்களே, மாணவர்களே, எழுதுகிறவர்களே! நீங்கள் சந்துரு அறிக்கையைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவீர்கள். கூப்பிட்டால் நானும் வருவேன். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிறது. உங்கள் பிள்ளையை எங்கே சேர்க்கப் போகிறீர்கள்?

எட்டாவது வீடாக உங்கள் வீட்டை எழுதிக்கொள்ளட்டுமா?